கார் கன்வெர்ட்டரிலிருந்து பிளாட்டினம் மீட்பது: புதிதாக இறங்குபவர்களுக்கு

பழைய காரின் சைலன்சர் குழாயில் தொங்கும் எஃகுக் குடுவைக்குள், அதாவது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள், பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் இருக்கின்றன என்று கேள்விப்பட்டதும் பலருடைய நினைப்பு நேராக ஆசிட்டுக்குப் போய்விடுகிறது. கண்ணாடிக் குவளை, ஆரஞ்சு நிறக் கரைசல், அடியில் படியும் உலோகம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வேலையில் ஆசிட் கடைசியில் வருவது. பலருக்கு அது தேவைப்படவே படாது. லாபம் வருவதும் போவதும் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது: எதை வாங்கினோம், எப்படி உடைத்தோம், எப்படி மாதிரி எடுத்தோம் என்பதில். அதனால் அந்தப் பகுதிகளில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

கூட்டைத் திறந்தால் வருவது ஒரு பீங்கான் தேனடை. அந்தப் பீங்கானுக்குக் கார்டியரைட் என்று பெயர்; மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் ஆக்சைடுகள் சேர்ந்தது. சூடும் குளிரும் மாறி மாறி அடித்தாலும் விரிசல் விடாது என்பதால் 1970களில் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு 400 துளைகள் இருப்பது சாதாரணம். துளைகளுக்கு நடுவே இருக்கும் சுவர் 0.1 முதல் 0.17 மி.மீ. தடிமன்தான். அந்தச் சுவரின் மேல் அலுமினாப் பூச்சு. அதோடு சீரியம், சிர்க்கோனியம் ஆக்சைடுகளும் கலந்திருக்கும். நாம் தேடும் உலோகம் இந்தப் பூச்சுக்குள், கண்ணுக்கே தெரியாத நுண்துகளாகச் சிதறிக் கிடக்கிறது. பீங்கானுக்குள் எதுவும் இல்லை. பூச்சு உதிர்ந்து தரையில் விழுந்தால் காசு தரையில் விழுந்தது என்றே அர்த்தம்.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு கிலோ தேனடையில் மூன்று உலோகமும் சேர்த்து 1 முதல் 3 கிராம் வரை இருப்பது வழக்கம். இதற்கு மேலேயும் கீழேயும் நிறையவே போகும். தொழிலில் இதைப் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் சொல்வார்கள்: 1 கிலோவுக்கு 1 கிராம் என்றால் 1000 பிபிஎம்.

பெட்ரோல் வண்டியில் பல்லேடியமும் பிளாட்டினமும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் எரித்து முடிக்கின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைப்பது ரோடியம். மூன்றில் ரோடியம்தான் அளவில் மிகக் குறைவு. டீசல் வண்டியின் ஆக்சிஜனேற்ற கன்வெர்ட்டரில் பிளாட்டினமும் ஓரளவு பல்லேடியமும் இருக்கும், ரோடியம் இருக்காது. டீசலின் புகைக்கரி வடிகட்டி வேறு சங்கதி. அது பல நேரங்களில் சிலிக்கான் கார்பைடில் செய்திருக்கும். தேனடையை வாங்கி உருக்கி உலோகத்தைப் பிரிக்கும் உருக்காலையின் உலைக்கு அது ஒத்துவராத சரக்கு, ஆகவே அதைத் தனியாக வையுங்கள். யூரியா தெளித்து வேலை செய்யும் எஸ்சிஆர் வகையில் வனேடியமோ செம்போ இரும்போதான் இருக்கும். பார்க்கத் தேனடை மாதிரியே இருந்தாலும் அதில் நமக்கு ஒன்றும் இல்லை.

பீங்கானுக்குப் பதில் மெல்லிய உலோகத் தகட்டைச் சுருட்டிச் செய்த தேனடையும் உண்டு. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த தகடு அது. கையால் உடைக்க முடியாது. சுத்தியல் ஆலையில் அடித்துப் பூச்சை உதிர்த்து, தகட்டைக் காந்தத்தால் பிரிக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் அதை அப்படியே விற்றுவிடுவது நல்லது.

வாங்கும்போது

முதலில் சட்டம். பயன்பாட்டில் இருக்கும் வண்டியிலிருந்து கன்வெர்ட்டரைக் கழற்றுவது பல நாடுகளில் குற்றம். கன்வெர்ட்டர் திருட்டும் உலகம் முழுக்க நடக்கும் ஒன்று. நின்றிருக்கும் வண்டியின் அடியில் படுத்து இரண்டே நிமிடத்தில் அறுத்துக்கொண்டு போகிறார்கள். அதனால் விற்பவர் யார், எந்த வண்டியிலிருந்து வந்தது, எப்போது வாங்கினீர்கள் என்ற மூன்றையும் ஒவ்வொரு பொருளுக்கும் எழுதி வையுங்கள். வண்டி உடைக்கும் உரிமம் உள்ள யார்டிலிருந்து மட்டும் வாங்கினால் பாதித் தலைவலி குறையும். நாளைக்கு உருக்காலைக்காரர் இந்தக் கணக்கைக் கேட்பார். காட்ட முடியாவிட்டால் சரக்கை எடுக்க மாட்டார்.

அடுத்து, கூட்டின் மேல் பொறித்திருக்கும் எண். கார் நிறுவனமே பொருத்திய அசல் கன்வெர்ட்டர்களில் ஒரு குறியீடு அடித்திருக்கும்; வாங்கி விற்பவர்கள் அந்த எண்ணை வைத்துத்தான் விலை சொல்கிறார்கள். பின்னாளில் மாற்றிப் போட்ட மலிவு கன்வெர்ட்டர்கள் மெல்லிய தகட்டில், மின்னும் வெல்டிங்கோடு இருக்கும். அவற்றில் உலோகம் பெயருக்குத்தான் இருக்கும். அசலின் விலையில் நகலை வாங்குவதுதான் இந்தத் தொழிலில் புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம்.

வாங்கும் முன் டார்ச் அடித்து இரண்டு முனைகளிலிருந்தும் பாருங்கள். தேனடை முழுதாக இருக்கிறதா, பாதி உடைந்து போயிருக்கிறதா, கூடு வெறுமையாக இருக்கிறதா என்பது தெரியும். குலுக்கினால் கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே நொறுங்கியிருக்கிறது. நொறுங்கியதில் ஒரு பங்கு ஓடும் வழியிலேயே காற்றில் போயிருக்கும். கூட்டின் நீள வாக்கில் புது வெல்டிங் கோடு தெரிந்தால் யாரோ ஒருமுறை திறந்து மூடியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில நேரம் தேனடை உருகிக் கண்ணாடிக் கட்டி போல ஆகியிருக்கும். இன்ஜினில் தீப்பொறி தவறி, எரியாத பெட்ரோல் உள்ளே வந்து எரிந்த வண்டி அது. உலோகம் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் ஆசிட்டுக்கு எட்டாத இடத்தில் மாட்டிக்கொண்டது. உருக்காலைக்கு அது ஒரு பொருட்டில்லை.

உடைப்பது

கூட்டை வெட்டுவதற்கு ஹைட்ராலிக் கத்தரிதான் சரியான கருவி. ஒரே அழுத்தில் கூடு பிளந்து தேனடை விழுந்துவிடும். கேஸ் டார்ச்சால் வெட்டாதீர்கள், கிரைண்டரால் அறுக்காதீர்கள். முதலாவது பூச்சைச் சுட்டு எஃகுக் குழம்பைத் தேனடையில் ஒட்ட வைக்கும். இரண்டாவது, விலையுயர்ந்த தூசியைப் பட்டறை முழுக்கத் தூவும்.

அந்தத் தூசியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தேனடைக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு பஞ்சுப் பட்டை சுற்றியிருக்கும். வெப்பம் தாங்கும் பீங்கான் இழைகளால் ஆனது. அந்த இழைகள் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் இருப்பவை. நுரையீரலுக்குள் போனால் எளிதில் வெளியே வராது. தேனடைத் தூசியும் மூச்சில் போகக் கூடாத சரக்குதான். கைக்குட்டை கட்டுவது, துணி முகமூடி போடுவது எல்லாம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. பி100 அல்லது எஃப்எஃப்பி3 வகை முகமூடி வேண்டும். முகத்தோடு இறுக்கமாக உட்கார வேண்டும், அதாவது தாடி இருந்தால் அது வேலை செய்யாது. மூடிய கண்ணாடி, கையுறை, வேலைக்கென்று தனி உடை. அந்த உடையோடு வீட்டுக்குள் போகாதீர்கள், குழந்தையைத் தூக்காதீர்கள்.

பஞ்சுப் பட்டையைக் கிழித்து எடுத்து, நனைத்து, இரட்டைப் பையில் கட்டித் தனிக் கழிவாக ஒதுக்குங்கள். அதில் தேனடைப் பொடி நிறைய ஒட்டியிருந்தால் முதலில் ஒரு பெட்டிக்குள் வைத்து மெதுவாகத் தட்டி எடுத்துக்கொள்ளலாம். கூட்டை வெட்டும் இடத்துக்கு அடியில் தட்டு வைக்க வேண்டும், பக்கத்தில் தூசி உறிஞ்சும் கருவி ஓட வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து அந்தத் தட்டையும் உறிஞ்சியின் பையையும் கொட்டிப் பார்த்தால் மெல்லிய சாம்பல் பொடி ஒரு கைப்பிடியாவது இருக்கும். தேனடைத் துண்டுகளைவிட அந்தப் பொடியில்தான் ஒரு கிராமுக்கு உலோகம் அதிகம், ஏனென்றால் முதலில் உதிர்வது பூச்சுதான். பொற்கொல்லர் பட்டறையில் தரைத் தூசியைக் கூட்டிச் சேர்த்து வைப்பது போலத்தான் இதுவும்.

மிச்சமாகும் கூடு நல்ல எஃகு, அதை உலோகக் கடையில் தனியாகப் போடலாம். ஆக்சிஜன் சென்சார் மாட்டியிருந்தால் கழற்றி ஒரு டப்பாவில் சேருங்கள்; அதிலும் கொஞ்சம் பிளாட்டினம் உண்டு, நூற்றுக்கணக்கில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெட்ரோல், டீசல், உலோகத் தகடு, உருகியது, நகல் என்று ஐந்து வாளிகள் தனித்தனியாக இருக்கட்டும். கலந்துவிட்டால் பிரிக்க முடியாது, விலையும் மோசமான சரக்குக்கான விலையாகத்தான் வரும்.

பொடித்து மாதிரி எடுப்பது

இந்தப் படிதான் எல்லாவற்றையும் தீர்மானிப்பது. உங்களிடம் 100 கிலோ தேனடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை கிராம் உலோகம் என்பது உங்களுக்குத் தெரியாவிட்டால், வாங்குபவர் சொல்வதுதான் கணக்கு. தெரிந்துகொள்ள ஒரே வழி, முழுச் சரக்கையும் ஒரே சீராகப் பொடித்து, அதிலிருந்து நேர்மையான ஒரு சிறு மாதிரி எடுத்துச் சோதிப்பது.

மூடிய பந்து ஆலையிலோ சுத்தியல் ஆலையிலோ அரைத்து 1 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். சல்லடையில் தங்குவதை மறுபடி அரைக்க வேண்டும், தூக்கிப் போடக் கூடாது. அரைத்த பிறகு அத்தனையையும் ஒன்றாகக் கலக்க வேண்டும்.

இப்போது ஒரு குவியலைப் பாருங்கள். பொடியைக் கொட்டும்போது பெரிய துகள்கள் சரிவில் உருண்டு ஓரத்துக்குப் போகும், நுண்பொடி நடுவிலேயே நிற்கும். நுண்பொடியில் பூச்சு அதிகம், ஆகவே உலோகம் அதிகம். உச்சியில் கரண்டி விட்டு அள்ளினால் சோதனை முடிவு உண்மையைவிடக் கூடுதலாக வரும். ஓரத்தில் அள்ளினால் குறையும். பையைத் திறந்து மேலே இருப்பதை அள்ளுவதும் இதே தப்புதான், வண்டியில் குலுங்கி வந்த பையில் நுண்பொடி அடிக்கு இறங்கியிருக்கும்.

இதற்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. பொடியைக் கூம்பாகக் குவியுங்கள், உச்சியைத் தட்டி வட்டமாகப் பரப்புங்கள், நாலு கால்பாகமாகப் பிரியுங்கள். எதிரெதிராக இருக்கும் இரண்டு பாகங்களை எடுத்துக் கலந்து மறுபடி கூம்பாக்குங்கள். மற்ற இரண்டைச் சரக்கிலேயே சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அளவு பாதியாகும். சில நூறு கிராமுக்கு வந்ததும் அதை இன்னும் நைசாக, முகப் பவுடர் பதத்துக்கு அரைத்து, கடைசி மாதிரியைப் பிரிக்க வேண்டும். வரிசையாகப் பள்ளங்கள் உள்ள பிரிப்பான் பெட்டி கிடைத்தால் இதே வேலை விரைவாக, கைவாக்கு இல்லாமல் முடியும்.

மாதிரியை மூன்றாகப் பிரித்து முத்திரை வையுங்கள். ஒன்று உங்கள் சோதனைக்கு, ஒன்று வாங்குபவருக்கு, மூன்றாவது யாரும் தொடாமல் இருக்கட்டும். இரண்டு முடிவும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த மூன்றாவதை நடுநிலை ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கம்.

எடை போடும் முன் ஈரத்தையும் கவனிக்க வேண்டும். அலுமினாப் பூச்சு காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சும். ஒரு பங்கை 105 டிகிரி செல்சியஸில் காயவைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். கணக்கு எப்போதும் காய்ந்த எடைக்குத்தான். டீசல் சரக்கில் புகைக்கரி சேர்ந்திருக்கும்; அது உலையில் எரிந்து போகும் எடை, அதையும் கழிப்பார்கள்.

சோதிக்க என்ன வழி? எக்ஸ்கதிரைப் பாய்ச்சி உலோக அளவைக் காட்டும், கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி அரை நிமிடத்தில் எண்ணைக் காட்டிவிடும், அதனாலேயே அதை நம்பி ஏமாறுபவர்களும் அதிகம். அது மேற்பரப்பை மட்டும் பார்க்கிறது. முழுத் தேனடைத் துண்டில் வைத்து அழுத்தினால் வரும் எண் அந்த முனைக்கு மட்டும்தான் பொருந்தும். முன்பக்கத்தில் ஒரு அளவும் பின்பக்கத்தில் வேறு அளவுமாகப் பூசிய தேனடைகள் நிறைய உண்டு. நைசாக அரைத்த பொடியைக் கோப்பையில் அழுத்தி, கன்வெர்ட்டர் பொடிக்கென்றே அளவு சரிபார்த்த கருவியில் பார்த்தால் ஓரளவு நம்பலாம். கருவி வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எக்ஸ்கதிர்க் குழாயின் இலக்கு எந்த உலோகம்? அதுவே ரோடியமாக இருந்தால் அந்தக் கருவி காட்டும் ரோடியம் கணக்கை நம்ப முடியாது. பெரிய சரக்கை விற்கும் முன், பொடியை முழுமையாகக் கரைத்து, கரைசலில் உள்ள உலோகத்தை அளக்கும் ஐசிபி கருவியில் பார்க்கும் ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அந்தச் செலவு வீண்போகாது.

விற்பதா, கரைப்பதா

பெரிய உருக்காலைகள் ஆசிட்டை நேரடியாகப் பொடியில் ஊற்றுவதில்லை. பொடியோடு சுண்ணாம்பு போன்ற இளக்கியும், உலோகத்தைப் பிடித்து இழுக்கச் செம்போ இரும்போ சேர்த்து 1500 டிகிரிக்கு மேல் உருக்குகிறார்கள். பீங்கான் கசடாக மேலே மிதக்கும், மூன்று உலோகமும் செம்புக்குள் இறங்கி அடியில் சேரும். அதற்குப் பிறகுதான் அமிலமும் பிரிப்பும். பெல்ஜியத்தில் ஹோபோகன் என்ற ஊரில் யூமிகோர் நிறுவனம் நடத்தும் ஆலை இந்த வகையில் பெயர்பெற்றது. இந்த முறையில் ரோடியமும் கைக்கு வருகிறது. சின்ன அளவில் ஆசிட்டை மட்டும் நம்பினால் ரோடியத்தின் பெரும்பகுதி பொடியிலேயே தங்கிவிடும், ஏனென்றால் அது ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலங்கள் கலந்த ராஜதிராவகத்துக்கே அசையாத உலோகம்.

ஆகவே என் கருத்து இது: மாதிரி எடுத்து முடித்த பொடியோடு நின்றுவிடுங்கள். அதை உருக்காலைக்கோ, அதற்காகச் சேர்க்கும் பெரிய வியாபாரிக்கோ கொடுங்கள். அங்கே பேச வேண்டியவை சில. குறைந்தது எத்தனை கிலோ இருந்தால் தனிச் சரக்காக எடுப்பார்கள். அதற்குக் கீழே என்றால் பிறர் சரக்கோடு கலந்துவிடுவார்கள். சோதனையில் வந்த உலோகத்தில் எத்தனை சதவீதத்துக்குப் பணம் தருவார்கள். மூன்று உலோகத்துக்கும் மூன்று சதவீதம் இருக்கும், ரோடியத்துக்கு எப்போதும் குறைவு. உருக்கும் கூலி எடைக்கா, உலோகத்துக்கா? பணம் எத்தனை வாரத்தில் வரும், விலை எந்த நாளின் விலை? இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2021இல் ரோடியம் விலை வரலாற்று உச்சத்துக்குப் போய், 2023க்குள் அதில் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. விலை ஏறியபோது வாங்கிக் குவித்துவிட்டு, இறங்கும்போது காத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அப்படியும் கரைத்துத்தான் பார்ப்பேன் என்றால்

சரி. கற்றுக்கொள்ள 100 கிராம் பொடி போதும். அதற்கு மேல் போகாதீர்கள். 2000 பிபிஎம் சரக்கு என்றால் அந்த 100 கிராமில் இருப்பது 0.2 கிராம் உலோகம், அவ்வளவுதான். இதில் சம்பாதிக்க ஒன்றுமில்லை, பழக மட்டும்தான்.

இடம் முதலில். குளோரின் வரும், நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். திறந்த ஜன்னலும் மொட்டை மாடியும் இதற்குப் போதாது. காற்றை இழுத்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவி வெளியே விடும் புகைப்பெட்டி வேண்டும். பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடை மூச்சில் வாங்கியவர் அப்போதைக்கு நன்றாகத்தான் இருப்பார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சில் பட்டது தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

இன்னொரு ஆபத்து மெதுவாக வருவது. பிளாட்டினம் உலோகமாக இருக்கும்வரை சாது. குளோரைடு உப்பாக மாறினால், அதன் தூசியும் தெறிப்பும் உடலைப் பழக்கி ஒவ்வாமையை உண்டாக்கும்: தும்மல், தோல் தடிப்பு, ஆஸ்துமா. கரையும் பிளாட்டினம் உப்புகளுக்குப் பணியிடக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2 மைக்ரோகிராம்தான் வரம்பு என்று வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அந்த ஒவ்வாமை பிடித்தவர் இந்த வேலையையே விட வேண்டியதுதான். அதனால் பின்னால் வரப்போகும் மஞ்சள் பிளாட்டினம் உப்பு எப்போதும் ஈரமாகவே இருக்கட்டும், வெறும் கையால் தொடாதீர்கள்.

இனி வேலை. பொடியை 500, 600 டிகிரியில் சுட்டுக் கரியைப் போக்குங்கள். சுடும்போது பல்லேடியமும் ரோடியமும் ஆக்சைடாக மாறி ஆசிட்டுக்கு அசையாமல் போகும், அதனால் சுட்ட பிறகு நீர்த்த ஃபார்மிக் அமிலத்தில் சூடாக ஊறவைத்து அவற்றை மறுபடி உலோகமாக்க வேண்டும். இதுவும் புகைப்பெட்டிக்குள்தான். அப்புறம் நன்றாகக் கழுவுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டு, ஆசிட் சரியில்லை என்று ஆசிட்டைத் திட்டுபவர்கள் உண்டு.

பொடி மூழ்கும் அளவைவிடத் தாராளமாக அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து 60 டிகிரி அளவில் சூடாக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் பொங்கி வழியும். அலுமினாப் பூச்சும் ஓரளவு கரைந்து அமிலத்தைத் தின்னும், கவலை வேண்டாம். சில மணி நேரத்தில் கரைசல் மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு என்று ஏறும். இரும்பும் இதே நிறத்தைத் தரும் என்பதால் நிறத்தைப் பார்த்துக் குதிக்காதீர்கள். உலோகம் இருக்கிறதா என்று சொல்லக்கூடியது ஸ்டேனஸ் குளோரைடு (வெள்ளீயத்தின் ஒரு உப்பு) சோதனை.

வெள்ளைத் தட்டில் கரைசல் ஒரு சொட்டு, அதன்மேல் ஸ்டேனஸ் குளோரைடு ஒரு சொட்டு. பிளாட்டினம் இருந்தால் மஞ்சளிலிருந்து ஆரஞ்சும் செம்பழுப்புமாக மாறும். பல்லேடியம் பழுப்பில் தொடங்கிப் பச்சை, நீலப்பச்சை பக்கம் போகும். இரண்டும் சேர்ந்திருந்தால் கலங்கிய ஒரு கரும்பழுப்புதான் தெரியும். சோதனைக் கரைசல் காற்றுப் பட்டுக் கெட்டுப்போகும், பாட்டிலுக்குள் ஒரு வெள்ளீயத் துண்டு போட்டு வைத்தால் கொஞ்ச நாள் தாங்கும். கரைசலில் பெராக்சைடோ குளோரினோ மிச்சம் இருந்தால் அது ஸ்டேனஸ் குளோரைடைத் தின்றுவிடும், நிறமே வராது. உலோகம் இல்லை என்று நினைத்து நல்ல கரைசலைக் கொட்டிவிடுவது இப்படித்தான் நடக்கிறது. முதலில் சூடாக்கி அந்த மிச்சத்தை விரட்டிவிட்டுச் சோதியுங்கள்.

அடுத்து வடிகட்டல். பொடி நைசாக இருந்தால் வடிதாள் அடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வைக்கும்; உறிஞ்சு பம்பு இருந்தால் பிழைத்தீர்கள். சேதாரம் அதிகமாவது இங்கேதான். 400 மி.லி. கரைசலில் 0.2 கிராம் உலோகம் இருக்கிறது. வடிதாளில் நிற்கும் ஈரப் பொடி 40 மி.லி.யைப் பிடித்து வைத்துக்கொண்டால் பத்தில் ஒரு பங்கு போனது. கொஞ்சம் அமிலம் சேர்த்த வெதுவெதுப்பான தண்ணீரால் சிறிது சிறிதாக, பல முறை கழுவுங்கள். ஒரே தடவையில் நிறையத் தண்ணீர் ஊற்றுவதைவிட இது மேல். கழுவிய கடைசிச் சொட்டில் ஸ்டேனஸ் குளோரைடு நிறம் காட்டாமல் போகும்வரை நிறுத்த வேண்டாம்.

தெளிந்த கரைசலில் துத்தநாகப் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் உலோகங்கள் கருப்புப் பொடியாக இறங்கும். ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் நெருப்பே கூடாது. கரைசல் வெளிறி, சோதனையில் நிறம் வராத நிலைக்கு வந்ததும் நிறுத்தி, மிச்சத் துத்தநாகத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துக் கழுவுங்கள். இந்தக் கருப்புப் பொடியை, முக்கியமாகப் பல்லேடியம் உள்ளதை, காயவிடாதீர்கள். ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும், காய்ந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

பிரிப்பதற்கு அந்தப் பொடியை மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக் சேர்ந்த ராஜதிராவகத்தில் கரைக்க வேண்டும். கரையாமல் நிற்பதில் ரோடியம் இருக்கும், எடுத்து வையுங்கள். நைட்ரிக்கை முழுவதும் விரட்டக் கரைசலைப் பாகு பதத்துக்குச் சுண்டவைத்து ஹைட்ரோகுளோரிக் சேர்ப்பதை மூன்று தடவை செய்யுங்கள். சுண்டும்போது முழுக்கக் காயவிட வேண்டாம். அதன்பின் சூடான, செறிந்த நவச்சாரக் (அம்மோனியம் குளோரைடு) கரைசல் சேர்த்தால் பிளாட்டினம் மஞ்சள் உப்பாக விழும். பல்லேடியம் கரைசலிலேயே நிற்கும். உப்பு நல்ல மஞ்சளாக இருந்தால் சுத்தம், ஆரஞ்சோ சிவப்போ தட்டினால் வேறு உலோகம் கலந்திருக்கிறது. தண்ணீரால் கழுவினால் கொஞ்சம் கரைந்து போகும், குளிர்ந்த நவச்சாரக் கரைசலாலேயே கழுவுங்கள். இந்த நவச்சார உத்தி 200 ஆண்டுக்கு மேல் பழையது. வில்லியம் ஹைட் வொலாஸ்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் இதே வழியில் பிளாட்டினத்தைப் பிரித்துவிட்டு, மிஞ்சிய கரைசலைத் துருவித்தான் 1802இல் பல்லேடியத்தையும் 1804இல் ரோடியத்தையும் கண்டுபிடித்தார்.

மஞ்சள் உப்பைப் புகைப்பெட்டிக்குள் மெதுவாகச் சூடேற்றினால் நவச்சாரம் வெண்புகையாகப் போய், சாம்பல் நிறத்தில் பஞ்சு போன்ற பிளாட்டினம் மிஞ்சும். அவசரப்பட்டால் புகையோடு பிளாட்டினமும் போகும். அதை உருக்கி உருண்டையாக்கும் ஆசையை விடுங்கள். பிளாட்டினம் உருக 1768 டிகிரி வேண்டும், பஞ்சாகவே விற்கலாம். பல்லேடியத்துக்கு டைமெத்தில்கிளையாக்சைம் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அமிலக் கரைசலில் பல்லேடியத்தை மஞ்சள் பஞ்சு போல இறக்கிவிடும். 1 கிராம் பல்லேடியத்துக்குச் சுமார் 2.2 கிராம் தேவை.

ஒரு எச்சரிக்கை. நவச்சாரம் சேர்ந்த எந்தக் கரைசலிலும் பிளீச்சையோ குளோரினையோ சேர்க்காதீர்கள். நைட்ரஜன் டிரைகுளோரைடு உண்டாகும், அது வெடிக்கும் பொருள்.

மிஞ்சுவதை என்ன செய்வது

எல்லாக் கழிவுக் கரைசலையும் ஒரே வாளியில் சேர்த்து இரும்புத் துண்டு போட்டு வையுங்கள், தப்பிய உலோகம் மெதுவாக இறங்கும். பிறகு சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ போட்டு பிஎச் 9 அளவுக்குக் கொண்டுவந்தால் அலுமினியம், துத்தநாகம், இரும்பு எல்லாம் சேறாகப் படியும். சேற்றையும் மேலே நிற்கும் தண்ணீரையும் உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள், சாக்கடையில் விட வேண்டாம்.

கரைத்து முடித்த பீங்கான் பொடியைத் தூக்கிப் போடாதீர்கள், ரோடியம் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. ராஜதிராவகத்தில் கரையாத மிச்சத்தையும் அதோடு சேர்த்துக் கழுவி, அமிலம் நீக்கிக் காயவைத்து, தனி டப்பாவில் "அமிலம் பட்டது" என்று எழுதி ஒட்டுங்கள். அடுத்த தடவை உருக்காலைக்குச் சரக்கு அனுப்பும்போது அதைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். குளோரைடு உள்ள பொடி உலையையும் புகைக்குழாயையும் அரிக்கும். சொல்லாமல் நல்ல பொடியோடு கலந்து அனுப்பினால் முழுச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், போக்குவரத்துச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.